பந்தக்கால் குழிக்கு ஒரு அனுமதி

என் பேத்தி கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட எனக்கு ஒரு குழி வேண்டியிருந்தது. ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம். அவ்வளவுதான்.

நான் தெருவைத் தோண்டியே பிழைத்தவன். ஓசூரில் தண்ணீர் பைப்புக்கு, டெலிபோன் ஒயருக்கு, கரண்டு கேபிளுக்கு, பாதாளச் சாக்கடைக்கு என்று தோண்டிக்கொண்டே வயசாகிவிட்டது. நான் எடுத்த பள்ளத்தையெல்லாம் நீளமாக வைத்தால் எங்கள் ஜூஜுவாடியிலிருந்து காவேரிப்பட்டினம் போய்த் திரும்பி வரலாம் என்று என் கூட்டாளி சொல்வான். அவன் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன். போகலாம், திரும்பி வர முடியாது என்று நான் சொல்வேன். அப்படிப்பட்டவனுக்கு, சொந்த வீட்டு வாசலில் ஒரு அடிக் குழி எடுக்க வழியில்லாமல் போய்விட்டது.

காரணம் எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்த சிமெண்ட் ரோடு. எங்கள் வீடு சின்ன வீடு. கதவைத் திறந்தால் ஒரு படி, படியை விட்டு இறங்கினால் ரோடு. பின்பக்கச் சுவர் பின்வீட்டுக்காரருக்கும் சேர்த்து ஒரே சுவர். மண் என்று ஒரு கைப்பிடி எங்கள் எல்லைக்குள் கிடையாது. துளசிச் செடிகூட பெயிண்ட் டப்பாவில்தான் இருக்கிறது.

ரோடு போட்டு முடித்த கையோடு மாநகராட்சிக்காரர்கள் தெருமுனையில் ஒரு போர்டு வைத்தார்கள். எனக்குக் கையெழுத்து போடத் தெரியும், படிக்கத் தெரியாது. பேத்திதான் படித்துச் சொன்னாள். அனுமதி வாங்காமல் யாரும் ரோட்டை வெட்டக் கூடாது. பந்தல் போடுகிறவர்கள் கால் ஊன்றக் குழி எடுக்கக் கூடாது, மணல் நிரப்பிய டின்னில்தான் நிறுத்த வேண்டும். வண்டி போகப் பாதித் தெருவையாவது விட வேண்டும்.

நல்ல சட்டம்தான். பந்தல் போடுகிற ஆட்களை எனக்குத் தெரியாதா? ஆளுக்கொரு கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கண்ட இடத்தில் குத்துவார்கள். கீழே பைப்பு இருக்கிறதா, ஒயர் இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டார்கள். நாங்களெல்லாம் அப்படி இல்லை. யோசித்துவிட்டுத்தான் குத்துவோம். சில சமயம் யோசித்தும் பைப்பு உடையும், அது வேறு.

என் வீட்டுக்காரி போர்டைப் பற்றிக் கேள்விப்பட்டு அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"பந்தலுக்கு டின்னு வெச்சிக்கோங்க, யாரு வேணான்னா? பந்தக்காலுக்கு மண்ணு வேணும். டின்னுல நட்டா அது பந்தக்காலா, பூச்செடியா?"

"காலம் மாறிப்போச்சி இல்ல. மண்டபத்துல எல்லாம் டின்னுலதான நடறாங்க" என்றேன்.

"ஏன், இந்த ஊட்டுல ஒருவாட்டி டின்னுல நட்டது பத்தாதா? ஆடு மேஞ்ச பந்தக்கால் பத்தாதா?"

அந்தக் கதையைச் சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. என் மகளுக்குக் கல்யாணம் வைத்தபோது எங்கள் தெரு முழுக்கச் சாக்கடைக்குப் பள்ளம் வெட்டிக் கிடந்தது. வெட்டினது நான்தான். கல்யாணத் தேதிக்குள் மூடிவிடுவார்கள் என்று காண்ட்ராக்டர் சொன்ன வார்த்தையை நம்பினேன். மூடவில்லை. வாசலில் நிற்கவே இடமில்லாமல், பந்தக்காலை ஒரு பெயிண்ட் டின்னில் மண் கொட்டி நட்டுப் படியில் வைத்தோம். சம்பந்திகள் வந்து உட்கார்ந்து காபி குடிக்கும்போது எங்கிருந்தோ ஒரு ஆடு வந்தது. மாவிலையை எட்டிக் கடித்து இழுத்தது. டின், மூங்கில், மஞ்சள் துணி எல்லாமாகச் சேர்ந்து உருண்டு, நான் வெட்டின பள்ளத்துக்குள்ளேயே போய் விழுந்தது. பட்டு வேட்டியோடு ஆறடிப் பள்ளத்தில் இறங்கிப் பந்தக்காலைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். சம்பந்தி கை கொடுத்து மேலே இழுத்தார். மகள் பர்கூரில் புருஷன், பிள்ளைகளோடு நன்றாகத்தான் இருக்கிறாள். ஒரு குறையும் வரவில்லை. ஆனாலும் என் வீட்டுக்காரிக்கு அந்த ஆட்டை மறக்க முடியவில்லை. பேத்திக்கு வாசல் மண்ணில், ஈசானிய மூலையில், முறைப்படி நட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள். பேத்தி அப்போது பிறக்கக்கூட இல்லை.

என் மகன், அதாவது கல்யாணப் பெண்ணின் அப்பா, கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். அவன் பத்திரிகை வைக்க ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தான். "யப்பா, மண்டபத்த நான் பாத்துக்கறன். பந்தக்கால நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சரி என்று ஒரு நாள் காலையில் வாசலில் இறங்கி நின்று ஈசானிய மூலை எங்கே விழுகிறது என்று பார்த்தேன். படி முடிந்து சரியாக ஒரு முழம் தள்ளி, ரோட்டு ஓரத்தில் விழுந்தது. கால் கட்டைவிரலால் அந்த இடத்தைத் தட்டிப் பார்த்தேன்.

எதிர்வீட்டம்மா வெளியே வந்துவிட்டது.

அந்த ரோடு வந்ததே அந்த அம்மாவால்தான். வருஷக்கணக்காகத் திங்கட்கிழமை தவறாமல் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மனுவைத் தூக்கிக்கொண்டு போகும். மழை பெய்து தெரு குளமாக இருந்த ஒரு நாள் நாற்காலி போட்டுத் தண்ணீருக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டது. கடைசியில் ரோடு வந்தபோது, சிமெண்ட் காயும் வரைக்கும் இரண்டு பக்கமும் முள்ளை வெட்டிப் போட்டுக் காவல் காத்தது. சாக்கு விரித்து, வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றியது. தன் வீட்டுக்காரரையே அந்த ரோட்டில் வண்டி ஓட்ட விடவில்லை. அவர் ஸ்கூட்டரை முக்கில் விட்டுவிட்டு நடந்து வந்தார்.

"இன்னாண்ணா பாக்கற?"

"ஒண்ணும் இல்லம்மா. சும்மா."

"நீ சும்மா ரோட்ட பாத்த நாளு எது? நீ இன்னிக்கி பாத்தா நாளைக்கி அங்க பள்ளம் இருக்கும்."

"பேத்தி கல்யாணம்மா. பந்தக்கால் நடணும். ஒரே ஒரு அடி."

"எல்லாரும் ஒரு அடின்னுதான் ஆரம்பிப்பாங்க. அப்பறம் ஒயரும்பாங்க, பைப்பும்பாங்க. நான் மறுபடியும் மனுவ தூக்கிக்கிணு ஓடணும். கேளுண்ணா, நட வேணாங்கல. அதுவும் எம் பொண்ணு மாதிரிதான். ஆபீசுல எழுதி வாங்கிக்கிணு வந்து நடு. பேப்பரு இல்லாம கடப்பாரை எறங்குச்சின்னா நானே போலீசுக்குப் போன் போடுவன்."

"போடுவியா?"

"போட்டுட்டு, போலீசு வந்தா அவங்களுக்கு டீயும் போடுவன்."

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த அம்மா சொல்வதில் தப்பு என்ன? முன்காலத்தில் நாங்கள் பள்ளத்தை மூடின லட்சணம் எனக்குத்தானே தெரியும். எடுத்த மண்ணை அப்படியே அள்ளித் தள்ளிவிட்டு, மேலே நாலு மிதி மிதித்துவிட்டு, அடுத்த தெருவுக்குப் போய்விடுவோம். ஒரு மழை பெய்தால் மண் உள்ளே இறங்கிவிடும். அப்படி இறங்கின பள்ளம் ஒன்றில் அந்த அம்மாவின் வீட்டுக்காரர் ஸ்கூட்டரோடு போய், மண்ணில் செய்த பிள்ளையார் மாதிரி எழுந்து வந்தார். மூடினவன் நானே. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

அன்றைக்கே பேத்தியிடம் சொன்னேன். அவள் செல்போன் தயாரிக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கே எதற்கெடுத்தாலும் ஒரு ஃபாரம் உண்டாம். கையுறை கிழிந்தால்கூட எழுதிக் கொடுத்துத்தான் வேறு வாங்க வேண்டுமாம். அதனால் அவளுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. படியில் உட்கார்ந்து போனிலேயே எழுத ஆரம்பித்தாள்.

"தாத்தா, என்னாத்துக்கு வெட்றீங்கன்னு கேக்குது. குடிநீரு, கழிவுநீரு, கேபிளு, கேஸு, மற்றவை."

"மற்றவை போடு கண்ணு."

"விவரம் எழுதணுமாம். பந்தக்கால்னு போட்டுட்டன். வேலைய செய்யப்போற நிறுவனம் எதுன்னு கேக்குது."

"நாந்தான்."

"அப்ப உம் பேர போட்டுடறன். எத்தினி பேரு வேல செய்வாங்க?"

"ரெண்டு பேரு. நானு, நம்ம பாவா."

பாவா என்பது என் கூட்டாளி. தெலுங்குக்காரன். அவர்கள் பாஷையில் பாவா என்றால் மச்சான். சொந்தம் எதுவும் இல்லை, ஆனால் முதல் நாள் வேலையில் சேர்ந்தபோதே அவன் என்னைப் பாவா என்று கூப்பிட்டான், நானும் அவனை அப்படியே கூப்பிட்டேன், அது நிலைத்துவிட்டது.

ஒரு வாரத்தில் ஆபீசுக்கு வரச் சொல்லிப் போன் வந்தது. அங்கே இருந்த இன்ஜினியரம்மா சின்ன வயசுப் பெண். திருநெல்வேலிப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது. என் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

"தாத்தா, எங்க ஊர்லயும் பந்தக்கால் நடுவாங்க. ஆனா இந்த ஃபைல்ல பந்தக்கால்னு ஒண்ணு கிடையாது. தற்காலிகக் கம்பம் ஒண்ணு நடுததுக்குன்னுதான் நான் குறிப்பு எழுதணும்."

"எழுதிக்கோங்க மேடம். மஞ்ச பூசுன கம்பம்னு சேத்து எழுதிக்கோங்க."

பக்கத்து மேசையில் இருந்தவர் டீயைத் துப்பிவிட்டார்.

பிறகு அந்தப் பெண் ஒவ்வொன்றாகச் சொன்னது. சிமெண்டைக் கட்டர் மிஷின் வைத்துச் சதுரமாக அறுக்க வேண்டும், உடைக்கக் கூடாது. எடுக்கிற மண்ணை ரோட்டில் குவிக்காமல் சாக்கில் கட்ட வேண்டும். சுற்றிலும் தடுப்பு, ஒரு போர்டு. பாதித் தெருவில் வண்டி போக வேண்டும். ஆழம் ஒரு அடி, அதற்கு மேல் போகக் கூடாது. கல்யாணம் முடிந்து கம்பத்தை எடுத்ததும் மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து மூட வேண்டும்.

"இதெல்லாம் எனக்குத் தெரியும் மேடம்" என்றேன்.

"தெரிஞ்சா நல்லது. நட்ட அன்னைக்கு நானே வந்து அளந்து பாப்பேன்."

கடைசியில் ஒரு பேப்பரில் சீல் குத்திக் கொடுத்தது. என் பேர் அதில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். விரலை வைத்துக் காட்டியது. வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்று அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எத்தனை ரோடு வெட்டியிருக்கிறேன், எல்லாவற்றுக்கும் எவனோ ஒருவன் சட்டைப் பையில் பேப்பர் இருக்கும். போலீஸ் வந்தால் அதை எடுத்து ஆட்டுவான். எங்களுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது. ஒரு தடவை அத்திப்பள்ளி பக்கம் கேபிள் பள்ளம் வெட்டிக்கொண்டு போனோம். தமிழ்நாட்டு எல்லை முடிகிற இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பக்கத்துப் பேப்பர் வேறு, அது இன்னும் வரவில்லை. அந்தப் பக்கம் இருந்து கன்னடக்காரர்கள் வெட்டிக்கொண்டு வந்து அவர்களும் நின்றுவிட்டார்கள். நடுவில் ஒரு முழ மண் சுவர். பத்துப் பதினைந்து நாள் வேலை இல்லை. பள்ளத்துக்குள் இந்தப் பக்கம் நாங்கள் உட்கார்ந்து சோறு தின்போம், அந்தப் பக்கம் அவர்கள் உட்கார்ந்து களி தின்பார்கள். மண் சுவருக்கு மேலாகக் குழம்பு அந்தப் பக்கம் போகும், கொள்ளுச் சாறு இந்தப் பக்கம் வரும். "ஏன்ரீ, பேப்பர் பந்தா?" என்று, பேப்பர் வந்ததா என்று கன்னடத்தில் தினமும் கேட்பார்கள். வரவில்லை என்றால் இரண்டு பக்கமும் கைதட்டுவோம். பேப்பர் வந்த நாளில் எங்களுக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. அந்தச் சுவரை இரண்டே குத்தில் எடுத்துவிட்டோம்.

விஷயத்துக்கு வருகிறேன். பந்தக்கால் நடுகிற நாள் வந்தது. காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை நல்ல நேரம். முந்தின நாளே கட்டர் மிஷின்காரர் வந்து கேக்கு வெட்டுகிற மாதிரி சதுரமாக அறுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எதிர்வீட்டம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்று, கோடு நேராக இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தது.

பாவாவின் மகன் கேபிள் வேலை எடுத்துச் செய்கிறவன். அவனிடமிருந்து பாவா இரண்டு இரும்புத் தடுப்பு, நாலு ஆரஞ்சு கூம்பு, ரிப்பன் ஒரு சுருள், 'வேலை நடக்கிறது, மெதுவாகச் செல்லவும்' என்று ஒரு போர்டு, எங்கள் இருவருக்கும் மினுக்குகிற சட்டை எல்லாம் ஆட்டோவில் போட்டுக் கொண்டு வந்துவிட்டான். நாங்கள் தடுப்பை வைத்துவிட்டு டீ குடித்துத் திரும்பி வருவதற்குள் பெண்கள் வேலையைக் காட்டிவிட்டார்கள். நாலு கூம்புக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாகிவிட்டது. ரிப்பன் நெடுக மாவிலை கட்டியிருந்தார்கள். போர்டுக்கு ஒரு முழம் கனகாம்பரம்.

"இன்னாடி இது?" என்றேன் வீட்டுக்காரியிடம்.

"வேல நடக்குதில்ல? நல்ல வேலன்னு தெரிய வேணாமா?"

ஏழு மணிக்குக் கடப்பாரையை இறக்கினோம். சிமெண்ட் பாளம் வந்தது, அதற்குக் கீழே ஜல்லி, அதற்குக் கீழே செம்மண். செம்மண் பொலபொலவென்று வந்தது. ஒரு தடவை வெட்டி மூடின மண் அப்படித்தான் வரும், வெட்டாத மண் கட்டி கட்டியாக வரும். ஒரு அடி பத்தே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. முடிந்ததும் எழுந்திருக்க வேண்டியதுதானே? பாவா ஒரு கை மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்தான்.

"இது நம்ம தண்ணி பைப்பு மண்ணு பாவா. நாமதான் போட்டம், ஞாபகம் இருக்குதா? அன்னிக்கி நீ செருப்ப உள்ள விட்டுட்டு மூடிட்ட."

"பைப்பு அந்தாண்ட ஓரம் பாவா. இது கேபிளு மண்ணு."

"கேபிளு ஏது இங்க? பைப்பே."

"கேபிளு. பந்தயமா?"

"பந்தயம். தோத்தவன் கல்யாணத்துல தலைவாழை எல போடாம கையில வாங்கித் திங்கணும்."

எங்கள் வேலையில் இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான். கேபிள் புதைத்தால் அதற்கு மேலே மணல் போட்டு, மணலுக்கு மேலே செங்கல் அடுக்கி, அப்புறம்தான் மண் தள்ளுவோம். பின்னால் எவனாவது தோண்ட வந்தால் அவன் கடப்பாரை முதலில் செங்கல்லில் படும். சத்தம் மாறும். அடியில் ஆபத்து இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். முன்னே தோண்டினவன் பின்னே தோண்டுகிறவனுக்குச் சொல்லிவிட்டுப் போகிற சேதி அது. பைப்புக்குச் செங்கல் கிடையாது. ஆக, செங்கல் வந்தால் நான் ஜெயித்தேன், வராவிட்டால் அவன்.

அந்த நேரத்தில் பேப்பர், ஒரு அடி, மேடம், எதுவும் எங்கள் புத்தியில் இல்லை. கடப்பாரையை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே எடுத்தோம். கொட்டாங்குச்சியால் மண்ணைச் சுரண்டி அள்ளினோம். குழி சின்னது, குனிந்தால் எட்டவில்லை. நான் ரோட்டில் குப்புறப் படுத்துக்கொண்டேன். கன்னம் சிமெண்டில், கை தோள்வரைக்கும் குழியில். பாவா என் காலைப் பிடித்துக்கொண்டான். விரல் நுனியில் சொரசொரப்பாக ஒன்று பட்டது. கொட்டாங்குச்சியால் தட்டினேன். டொக் என்றது.

"செங்கல்லு! செங்கல்லு பாவா! நாஞ்சொல்லல?"

"ஐயய்யோ, யாராவது விழுந்துட்டாங்களா?" என்று தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். இன்ஜினியரம்மா. கையில் டேப்பு.

நான் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டேன். அந்தப் பெண் டேப்பைக் குழிக்குள் விட்டுப் பார்த்தது. இரண்டே முக்கால் அடி.

"நான் என்ன எழுதிக் குடுத்தேன், நீங்க என்ன தோண்டி வச்சிருக்கீய?"

எதிர்வீட்டம்மா தடுப்புக்கு அந்தப் பக்கம் தயாராக நின்றிருந்தது. "நான் சொல்லல மேடம்? ஒரு அடின்னுதான் ஆரம்பிப்பாங்கன்னு? இந்தண்ணன் கைக்கு அளவு தெரியாது மேடம்."

என் வீட்டுக்காரி தலையில் கையை வைத்துக்கொண்டாள். "கல்யாணத்துக்குக் குழி எடுங்கன்னா கெணறு எடுத்திருக்கீங்களே!"

"தாத்தா, அடியில கேபிள் போகுதுன்னு நீங்களே சொல்லுதீய" என்றது இன்ஜினியரம்மா. "இப்படியே விட்டா நான் கையெழுத்துப் போட மாட்டேன். கம்பமும் நடக் கூடாது. அனுமதியை ரத்து பண்ணிட்டுப் போகத்தான் வேணும்."

மணி எட்டேகால். ஒன்பதுக்கு நல்ல நேரம் போய்விடும். மறுபடி நல்ல நாள் பார்க்கக் கல்யாணத்துக்கு முன்னால் நாள் இல்லை. பட்டணத்தையே தோண்டினவன், பேத்திக்கு ஒரு அடி ஒழுங்காகத் தோண்டத் தெரியாமல் நின்றேன். மினுக்குகிற சட்டை வேறு போட்டிருந்தேன்.

அப்போது பேத்தி முகத்தில் மஞ்சளோடு வெளியே வந்தாள். தடுப்புக்குப் பக்கத்தில் நின்று, குழியையும் என்னையும் பார்த்தாள். எங்கே அழுதுவிடுவாளோ என்று பயந்தேன்.

"மேடம், மறுபடியும் மண்ணு போட்டு ஒரு அடிக்குக் கொண்டாந்துட்டா கையெழுத்துப் போடுவீங்களா?" என்றாள்.

"சும்மா மண்ணத் தள்ளினா ஆகாது. ஆறு இஞ்ச் மண்ணு, தண்ணி, இடி. அப்புறம் அடுத்த ஆறு இஞ்ச். நான் ஒவ்வொண்ணா அளப்பேன். முக்கால் மணி நேரத்துல முடியுமா?"

"அவுதுந்தி அம்மா, அவுதுந்தி!" என்றான் பாவா. முடியும் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு அதற்குள் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

மண் போடலாம், தண்ணீர் விடலாம், எதால் இடிப்பது? மண் இடிக்கிற திமிசுக்கட்டை அந்தச் சின்னக் குழிக்குள் போகாது. நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரி உள்ளே ஓடி உலக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மஞ்சள் இடிக்க வைத்திருந்த கல்யாண உலக்கை. மாவிலையும் நூலும் கட்டி, பொட்டு வைத்திருந்தது. உலக்கை நுனியின் இரும்புப் பூணைத் தொட்டுக் கும்பிட்டு என்னிடம் நீட்டினாள். நான் வாங்கி இரண்டு இடி இடித்திருப்பேன்.

"நிறுத்துண்ணா" என்றது எதிர்வீட்டம்மா. "நீ இடிச்சா ஒரு மழைக்குத் தாங்காது. குடு இங்க."

ரிப்பனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது.

"உள்ள வரக் கூடாதுன்னு போட்டிருக்குதும்மா" என்றேன்.

"அது உனக்குப் போட்டது" என்று சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டது.

நான் அப்படி ஒரு இடியை என் ஆயுசில் பார்த்ததில்லை. சாக்கடை, கேபிள், பைப்பு என்று எல்லாப் பள்ளத்தின் மேலேயும் இருந்த கோபம் அத்தனையும் அந்த உலக்கையில் இறங்கியது. ஒரு இடிக்கு ஒரு பேர் சொன்னது. "இது அந்த காண்ட்ராக்டருக்கு. இது அந்த சாக்கடைக்கு. இது எங்கூட்டுக்காரரு ஸ்கூட்டருக்கு." பெண்கள் சுற்றி நின்று சிரித்துச் சிரித்து ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்தார்கள். நான் மண் போட்டேன், பாவா சொம்பால் தண்ணீர் விட்டான். இன்ஜினியரம்மா டேப்பை விட்டுப் பார்த்துக் குரல் கொடுத்தது. "ரெண்டேகால்!" பெண்கள் கைதட்டினார்கள். "ஒண்ணே முக்கால்!" மறுபடி கைதட்டல். என் வீட்டுக்காரி உலக்கையை வாங்கிக்கொண்டாள், அப்புறம் பேத்தியே வாங்கி நாலு இடி போட்டாள். "ஒண்ணேகால்!"

கடைசி அடுக்கு போட்டு இடித்ததும் டேப்பைப் பார்த்து அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கியது.

"பதினொண்ணரை இஞ்ச்தான் இருக்கு."

"அரை இஞ்சி விட்டுடுங்க மேடம்" என்றாள் என் வீட்டுக்காரி. "பால் ஊத்தற எடம் அது."

"ஒரு அடின்னு எழுதியிருக்கேன் பாட்டி."

நான் மறுபடி குப்புறப் படுத்து, பால் கிண்ணத்தில் இருந்த கரண்டியை எடுத்து அரை இஞ்ச் மண்ணைச் சுரண்டி எடுத்தேன். அந்தப் பெண் மறுபடி டேப்பு போட்டது. சரியாகப் பன்னிரண்டு.

மணி எட்டே முக்கால். நவதானியம் போட்டு, பால் ஊற்றி, மஞ்சள் துணி கட்டின பச்சை மூங்கிலை ஐந்து சுமங்கலிகளாகப் பிடித்து இறக்கினார்கள். ஐந்தில் ஒருவர் எதிர்வீட்டம்மா. உலக்கையை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் மூங்கிலைப் பிடித்தது. சுற்றிலும் மண் அணைத்ததும் என் வீட்டுக்காரி இரண்டு கையாலும் பந்தக்காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. இன்னொரு தடவை நன்றாக ஆட்டினாள். அசையவில்லை.

"இப்ப வரச் சொல்லுங்க அந்த ஆட்ட" என்றாள்.

இன்ஜினியரம்மா பேப்பரை வாங்கித் தடுப்பின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டது. பிறகு போனை எடுத்தது. "ஃபைலுக்கு ஒரு போட்டோ வேணும். வேலை நடந்த இடம், தடுப்பு, போர்டு, கம்பம் எல்லாம் தெரியணும். எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

யாரும் தள்ளவில்லை. எல்லாரும் பந்தக்காலை ஒட்டி நெருங்கினார்கள். பேத்தி நடுவில் வந்து நின்றுகொண்டாள். என் வீட்டுக்காரி அவளுக்கு ஒரு பக்கம், எதிர்வீட்டம்மா மறுபக்கம். பாவாவும் நானும் மினுக்குச் சட்டையோடு இரண்டு ஓரத்திலும் நின்றோம். திறந்துவிட்டிருந்த பாதித் தெருவில் அந்த நேரம் பார்த்துப் பேத்தியின் கம்பெனி வேன் வந்தது. ஷிப்டு முடிந்து வந்த பெண்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அவள் பேரைச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள். டிரைவர் போர்டைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, ஹாரனை மட்டும் நீளமாக அடித்துக்கொண்டே போனார்.

"யாரும் சிரிக்காதீங்க, இது ஆபீஸ் போட்டோ" என்றது இன்ஜினியரம்மா.

"மேடம், எங்கல்யாணத்துல எடுக்கற மொத போட்டோ இதான்" என்றாள் பேத்தி.

அவ்வளவுதான், அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. எடுத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கே சிரிப்பில் கை ஆடிவிட்டது. "இருங்க, இன்னொண்ணு எடுக்கேன்" என்றது. எதிர்வீட்டம்மா குனிந்து, சிமெண்டில் சிந்திக் கிடந்த மண்ணைக் கையாலேயே கூட்டித் துடைத்துவிட்டு நிமிர்ந்து நின்றது.

"இப்ப எடு மேடம். ரோடும் விழறமாதிரி எடு."